கிளிமஞ்சாரோ ஏறி, காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கு நிதி திரட்டுவது: திட்டம் சரியா?

பொத்தை_ஏறி:

வணக்கம். ஜனவரி கடைசியில் ஆறு பேர் கிளிமஞ்சாரோ போகிறோம். புனே கிர்க்கியில், முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையத்துக்கு நிதி திரட்டுவதுதான் நோக்கம். ஆறு பேரில் ஒருவர் முன்னாள் ஹவில்தார். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

இப்போதைய திட்டம்: மரங்கு வழி, 5 நாள். மீட்டருக்கு 10 ரூபாய் ஸ்பான்சர், அதாவது 5,895 மீட்டர் உச்சி தொட்டால் ஒரு ஸ்பான்சருக்கு 58,950. பணம் என் ஜிபே எண்ணுக்கு வரும். அதில் ஒரு பகுதி பயணச் செலவுக்கு. மேலே ஸ்பான்சர் பெயர்கள் அச்சடித்த தேசியக் கொடியோடு போட்டோ. எதை மாற்ற வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

நோக்கத்தைத் தவிர எல்லாத்தையும் மாத்தணும், தம்பி. நான் பணத்தை மட்டும் சொல்றேன், மலையை மத்தவங்க பாத்துக்கட்டும்.

உங்க ஜிபே வேண்டவே வேண்டாம். உறவினர் அல்லாதவங்ககிட்டேர்ந்து ஒரு நிதியாண்டுல மொத்தம் 50,000 தாண்டி வாங்கினா, தாண்டின தொகை மட்டும் இல்ல, முழுசுமே உங்க வருமானமா கணக்காகும். அப்புறம் நீங்க மையத்துக்கு அனுப்பினா ரசீது உங்க பேர்லதான் வரும். கொடுத்தவங்களுக்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு) கிடைக்காது. மையத்துகிட்ட முதல்ல எழுத்துல சம்மதம் வாங்குங்க. போஸ்டர்ல அவங்க வங்கிக் கணக்கையே போடுங்க. கொடுக்கறவங்க பான் எண்ணோட நேரா அனுப்பி 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் வாங்கிக்கட்டும். உங்ககிட்ட ரசீது எண், தேதி, தொகைன்னு மூணு காலம் போட்ட ஷீட் இருந்தா போதும்.

2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிச்சலுகை இல்ல. புது வரிமுறையில இருக்கறவங்களுக்கும் 80ஜி கழிவு கிடையாது. இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லேன்னா ரிட்டர்ன் போடற சமயத்துல உங்களுக்குத்தான் போன் வரும்.

சிங்கப்பூர், அமெரிக்க நண்பர்கள் பணம் தனிக் கதை. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்தா பிரச்சினை இல்ல. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தா, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதான கிளையில இருக்கற அதுக்கான கணக்குல, வாங்கலாம். வேற ஒருத்தர் வாங்கிக் கைமாத்தி விடறது சட்டப்படி குத்தம்.

கம்பெனி பணம் வரும்னா கொடி நாள் நிதியையும் யோசிங்க. மத்திய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நல வாரியம்) நடத்துறது, சிஎஸ்ஆர் (கம்பெனிகளோட சமூகப் பொறுப்புச் செலவு) கணக்குல சேரும். டிசம்பர் 7 கொடி நாளை ஒட்டி வசூலை ஆரம்பிச்சா, ஜனவரிக்குள்ள கைநிறைய நாள் இருக்கு. களத்துல பலியானவங்க, படுகாயம் பட்டவங்களுக்குன்னே பாதுகாப்பு அமைச்சகத்துல தனியா ஒரு போர்க்கால நலநிதியும் இருக்கு.

பயணச் செலவு முழுசும் உங்க கைக்காசா இருக்கட்டும், அதைப் போஸ்டர்லயும் போடுங்க. ‘இவங்க ஊர் சுத்த நான் ஏன் கொடுக்கணும்’னு கேக்கறவங்க கேள்வி நியாயமானதுதான்.

கொடி: தேசியக் கொடியில எந்த எழுத்தும் இருக்கக் கூடாது. கொடி விதியும் 1971 சட்டமும் தெளிவா சொல்லுது. ஸ்பான்சர் பேரைத் தனி பேனர்ல போடுங்க, 2 அடிக்கு 3 அடி போதும். அதைவிடப் பெருசா இருந்தா அந்தக் காத்துல, கனத்த கையுறையோட பிடிக்க முடியாது. நாலு மூலையிலும் கயித்து வளையம் வெச்சுத் தைங்க.

லாவா_டவர்:

5 நாள் மரங்குவை இன்றே கைவிடுங்கள். முதல் இரவு மந்தாரா குடில், 2,720 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637தான். இரண்டாம் இரவு ஹொரொம்போ 3,720, மூன்றாம் நாள் கீபோ குடில் 4,720, அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்குச் சுமார் 500 மீட்டர் ஏற்றலாம் என்பது பொதுவிதி. இங்கே இரண்டு நாள் தொடர்ந்து ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது. வெள்ளியங்கிரியைப் பத்து முறை ஏறினாலும் கால் உரமாகும், நுரையீரலுக்கும் மூளைக்கும் உயரம் பழகாது.

லெமோஷோ என்ற வழியை 8 நாளில் எடுங்கள். அதில் ஒரு நாள் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, தூங்க பரன்கோ முகாமுக்கு (சுமார் 3,960) இறங்குவீர்கள். உடம்பு பழகுவது அந்த மாதிரி நாட்களில்தான்.

விலையை இப்படிச் சோதியுங்கள். பூங்காக் கட்டணம் நாளுக்கு 70 டாலர், முகாம் இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் 20. எட்டு நாளுக்கு 560 + 350 + 20 = 930; 18 சதவீத வரியோடு 1,097. ஒரு கம்பெனி 1,400-க்கு வருகிறேன் என்றால், மிச்ச 300-இல் சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, ஆளுக்கு மூன்று சுமைதூக்கிகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது, சுமைதூக்கிகளின் கூலியிலும் சோற்றிலும்தான் கை வைப்பார்கள். அடிபட்டவர்களுக்காக ஏறும் குழு இதைப் பார்க்காமல் விடக் கூடாது. வாசலில் எடை போடும்போது கூடவே நில்லுங்கள்: ஒருவர் தலையில் 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

இப்போது அந்த மீட்டர் கணக்கு. திட்டத்திலேயே ஆபத்தானது அதுதான். லெமோஷோ வழியின் கடைசி முகாமான பராஃபுவிலிருந்து (சுமார் 4,670) ராத்திரி 12 மணிக்குக் கிளம்பி, விடியும் நேரத்தில் 5,756-இல் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பான ஸ்டெல்லா பாயின்ட் சேர்வீர்கள். உச்சிக்கு இன்னும் 139 மீட்டர், அதாவது ஸ்பான்சருக்கு 1,390 ரூபாய் பாக்கி. பிராணவாயு கடல்மட்டத்தில் பாதிதான் கிடைக்கும் இடத்தில், தலை பிளக்கும்போது அந்தக் கணக்கு மனசில் ஓடவே கூடாது. உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே தொகை என்று முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

திரும்ப வேண்டிய அடையாளங்கள்: தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கம் என்றே எடுத்துக்கொண்டு, ராத்திரியானாலும் இறக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். அதற்கும் இறக்கம்தான் முதல் மருந்து. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ தப்பாகக் காட்டும்.

சின்ன விஷயங்கள்: தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், பனி மேலிருந்து கட்டும், மூடிப்பக்கம் உறையாது. முதுகுத் தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாய் உச்சி இரவில் முதல் ஒரு மணி நேரத்திலேயே அடைத்துவிடும். பாலித்தீன் பை தான்சானியாவில் தடை.

சாக்கெட்:

செயற்கைக் கால் பொருத்துற வேலை தெரிஞ்சவன்ங்கிற முறையில ஹவில்தார் சாருக்கு மட்டும்.

முதல் வேலை, மலைக்குப் போட்டுப் போற பூட்ஸை லிம்ப் சென்டருக்கு (செயற்கைக் கால் மையம்) எடுத்துட்டுப் போய், அந்தப் பூட்ஸோடயே அலைன்மென்ட் (காலோட கோணம்) வைக்கச் சொல்லுங்க. குதிகால் உயரம் 1 சென்டிமீட்டர் மாறினாலே சாக்கெட் (மிச்சக் காலை நுழைக்கிற கிண்ணம்) முன்னாடியோ பின்னாடியோ சாயும். முன்னாடி சாஞ்சா முழங்கால் முன்னுக்குத் தள்ளும், ஆறு மணி நேர இறக்கத்துல தாங்காது. குறைஞ்சது ஆறு வாரம் அதே ஜோடியில நடக்கணும்.

நடக்க நடக்க ஸ்டம்ப் (வெட்டுப்பட்ட காலோட மிச்சம்) சுருங்கும். காலையில சரியா இருந்த சாக்கெட் மத்தியானம் லூசாகி, ஸ்டம்ப் கீழ இறங்கி அடி எலும்புல இடிக்கும். 1, 3, 5 ப்ளை (தடிமன்) ஸ்டம்ப் சாக்ஸ் எல்லாத்துலயும் மூணு மூணு வேணும், மொத்தம் ஒன்பது. ஸ்டம்ப் மேல மாட்டுற உறையான சிலிக்கோன் லைனருக்குள்ள வேர்வை தேங்கும். மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, கழட்டி, துடைச்சு, சிவந்திருக்கான்னு பாத்து மறுபடி போடணும். அழுத்தம் எடுத்த பத்து நிமிஷத்துலயும் சிவப்பு மறையலேன்னா அன்னிக்கு நடை முடிஞ்சது. உச்சி ராத்திரியில இப்படி அடிக்கடி கழட்ட முடியாது, அதனால கிளம்பும்போதே காஞ்ச லைனரா இருக்கணும். ரெண்டு லைனர் எடுத்துட்டு, ஒண்ணைத் தூங்கும்போது ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வெச்சுக்கச் சொல்லுங்க. சில்லிட்ட லைனரைக் காலையில ஏத்தறது பெரும்பாடு. ஸ்டம்ப்ல உணர்ச்சி கம்மியா இருந்தா பனிக்கடி வர்றது அவருக்கே தெரியாது, கூட இருக்கறவர் பாக்கணும்.

லாவா_டவர் சொன்ன வழியில ஒரு சிக்கல்: பரன்கோ சுவர். சுமார் 250 மீட்டர், கையும் காலும் ஊன்றி ஏறணும். கணுக்கால் மடங்காத காலை சின்னப் படியில வைக்கிறது கஷ்டம். நான் இவருக்கு மரங்குவையே சொல்வேன், ஆனா ஹொரொம்போவுல மூணு ராத்திரி தங்கி மொத்தம் ஏழு நாள். குடில்ங்கிறதால லைனரும் ஈரம் ஆகாது.

லாவா_டவர்:

ஏழு நாள் மரங்கு என்றால் எனக்கு மறுப்பில்லை. நடுவில் ஒரு நாள் 4,000 மீட்டருக்கு மேல் நடந்துவிட்டு ஹொரொம்போவுக்கே திரும்பித் தூங்க வேண்டும், சும்மா படுத்துக் கிடந்தால் பயனில்லை. அந்த வழியில் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு கில்மன்ஸ் பாயின்ட், கிட்டத்தட்ட 5,685. அங்கேயே நிறுத்தினாலும் பூங்கா சான்றிதழ் தருகிறது. ஆறு பேரையும் பிரிக்காமல் ஒரே வழியில் கூட்டிப் போங்கள்.

பொத்தை_ஏறி:

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் கணக்கு, ஜிபே, கொடி மூன்றையும் நீக்கிவிட்டோம். மரங்கு 7 நாள். இரண்டு கேள்வி மிச்சம்: டயமாக்ஸ் (உயர நோயைத் தடுக்கும் மாத்திரை) எவ்வளவு? ஹவில்தார் அண்ணன் கீபோ குடிலிலேயே நிறுத்திவிட்டால் கொடுத்தவர்களிடம் என்ன சொல்வது?

லாவா_டவர்:

டயமாக்ஸ் வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. நம் ஊரில் 250 மாத்திரைதான் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் போவதும் சாதாரணம். போட்டாலும் தலைவலி கூடினால் இறங்கத்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

ரெண்டாவதுக்கு: இப்பவே போஸ்டர்ல ஒரு வரி போடுங்க. ‘எங்களில் யார் எங்கே திரும்பினாலும் உங்கள் பணம் முழுதும் ஏற்கனவே மையத்தின் கணக்கில் இருக்கும்.’ அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.

சாக்கெட்:

ஸ்பேர் லைனர், பூட்ஸ் ரெண்டும் கைப்பையில, அதாவது விமானத்துக்குள்ள. செக்-இன் பெட்டி வழியில தங்கிட்டா வேற எதையும் வாடகைக்கு எடுக்கலாம், இதை மட்டும் முடியாது. செயற்கைக் காலோட திருகைத் திருப்புற 4 எம்எம் ஆலன் கீ மட்டும் செக்-இன்ல போடுங்க, கையில இருந்தா பாதுகாப்புச் சோதனையில எடுத்துக்குவாங்க.