தொய்வுக்காரப் பிள்ளையும் வேப்பும் (மின்சிகரெட்): எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முரசுமோட்டையிலிருந்து ஓர் அம்மா:

எங்கள் மூத்தவனுக்கு நாலு வயதிலிருந்து தொய்வு (ஆஸ்மா). மார்கழிப் பனிக்கும், சூடடிக்கிற நாளில் பறக்கிற வைக்கோல் தூசிக்கும் முட்டு வரும். நீலப் பம்ப்பை (இன்ஹேலர்) இழுத்தால் இறங்கிவிடும். இப்போது அவனுக்கு வயது 19. ஏ.எல் எழுதிவிட்டு நிற்கிறான்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு லண்டனிலிருந்து அக்காவின் மகன் வந்தான். இரண்டு கிழமை எங்கள் வீட்டில்தான் நின்றான். அவன் போன பிறகு ஒருநாள் மூத்தவனின் தலையணைக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு நீலச் சாமான் கிடந்தது. "இது என்னடா?" என்று கேட்டேன். "அண்ணா தந்த பம்ப் அம்மா" என்றான். நான் நம்பினேன். பிள்ளைக்கு லண்டனிலிருந்து நல்ல பம்ப் வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இரவில் இருமினால், "தம்பி, அந்தப் புதுப் பம்ப்பை இழுத்துப்போட்டுப் படு" என்று நானே சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அறையில் மாம்பழ வாசம் வரும். மருந்துக்கு வாசம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நீலப் பம்ப்பில் 200 இழுவை இருக்கும். முன்பு ஒரு பம்ப் மூன்று, நான்கு மாதம் போகும். ஆடியில் மூன்று கிழமையில் முடிந்துவிட்டது. சோளகக் காற்றையும் றோட்டுச் செம்மண் புழுதியையும்தான் குறை சொன்னேன். தலையணையை மாற்றினேன். அடுப்பைப் பின் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன். ஒன்றிலும் குறையவில்லை. ஒரு நாள் விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பி வந்தான். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. தொண்டைக்குழி உள்ளே இழுபடுகிறது, நெஞ்சு மேலும் கீழும் அடிக்கிறது. 1990 அம்புலன்சுக்குப் போன் எடுத்தோம். அம்புலன்சிலேயே ஒட்சிசன் போட்டார்கள்.

வார்ட்டில் "சிகரெட் குடிக்கிறனீரோ?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. விடிந்த பிறகு ஒரு தாதி பக்கத்தில் இருந்து, "வேறு ஏதும் இழுக்கிறனீரோ தம்பி, வேப் மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டா. அப்போதுதான் அழுதுகொண்டு சொன்னான். "அது புகை இல்லை அம்மா, ஆவிதானே என்று நினைச்சன்" என்றான்.

இப்படி நடந்தவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு தாதி:

அம்மா, உங்கள் மகன் சொன்ன அந்த "ஆவிதானே" என்ற சொல்லை நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். அது எங்களுக்கு நம்பிக்கையான சொல். தடிமன் வந்தால் நொச்சியும் வேப்பிலையும் போட்டு ஆவி பிடிக்கிறோம். தொய்வு கூடினால் ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்தைப் புகையாகத் தருகிறோம். தொய்வுக்காரப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே வாயால் இழுத்துச் சுகப்பட்டுப் பழகியது. அதனால் வேப்பைப் பார்த்தால் அதற்குப் பயம் வராது.

ஆனால் வேப்பில் இருந்து வருவது தண்ணீர் ஆவி இல்லை. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், வாசனைப் பொருட்கள் எல்லாம் கலந்த திரவத்தை ஒரு கம்பிச் சுருள் சூடாக்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மூச்சுக்குழாயின் அடி வரை போகிறது. தொய்வுக்காரரின் மூச்சுக்குழாய் சும்மா இருக்கும்போதே உட்பக்கம் வீங்கித்தான் இருக்கும். சின்ன உறுத்தலுக்கும் சுற்றியுள்ள தசை இறுகும், சளி கூடும். கறுவா வாசத்துக்குப் போடுகிற பொருள் சளியை மேலே தள்ளுகிற நுண்மயிர்களின் ஓட்டத்தை மந்தமாக்குகிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். சாப்பாட்டில் சேர்க்கப் பாதுகாப்பான வாசனை நெஞ்சுக்குள் போகவும் பாதுகாப்பானது என்று எடுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் பழுதாகி 2,800-க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலும் கஞ்சா எண்ணெயில் கலந்த வைற்றமின் ஈ அசிற்றேற்றுக்குத்தான் தொடர்பு கண்டார்கள். அதைச் சொல்லிப் பிள்ளையை வெருட்ட வேண்டாம். "நான் இழுக்கிறது அது இல்லையே" என்று உடனே சொல்லிவிடுவான். அவனுடைய பம்ப் எத்தனை நாளில் முடிகிறது என்பதைக் காட்டுங்கள், அது அவனுடைய சொந்தக் கணக்கு.

புதுக்குடியிருப்புத் தம்பி:

நான் வேப் இழுப்பதில்லை. வவுனியாவில் படிக்கும்போது அறையில் கூட இருந்தவன் இழுப்பான். யன்னல் பூட்டி, ஃபான் போட்டு, நாலு பேர். எனக்கும் தொய்வு. சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தால் சுகம், திங்கள் இரவு திரும்ப இருமல். இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. "மச்சான், வெளியில போய் இழு" என்று கேட்டேன். அவன் நல்லவன், கோபிக்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி, வயது 52:

தங்கச்சி, எனக்கு மற்றப் பக்கத்து அனுபவம். 30 வருடம் சிகரெட். தொய்வும் உண்டு. கனடா மைத்துனர் ஒரு வேப்பைத் தந்து, "அத்தான், இங்கிலாந்திலேயே சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைவு என்று சொல்லிப்போட்டாங்கள்" என்றார். உண்மைதான், 2015-இல் அங்கத்தைய அரச சுகாதார அமைப்பு அப்படிச் சொன்னது. எனக்கும் முதல் மாதம் காலை இருமல் குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு வயலில் சிகரெட், வீட்டில் வேப் என்று இரண்டும் ஆகிவிட்டது. நெஞ்சு பழையபடி இறுகியது.

கிளினிக் டொக்டரிடம் கேட்டேன். "ஐயா, அது சிகரெட்டோடு ஒப்பிட்ட கணக்கு. நீங்கள் ஒப்பிட வேண்டியது வயல் காற்றோடு" என்றார். சிகரெட் குடிக்கிற தொய்வுக்காரருக்கு மண்ணிறப் பம்ப்பின் மருந்து (முட்டு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கிறது) சரியாகப் பிடிக்காது என்றும் சொன்னார். இரண்டையும் விட எனக்கு ஏழு மாதம் பிடித்தது. சிகரெட்டைத் தொடாத பிள்ளைக்கு அந்த 95 சதவீதக் கதையால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

மீண்டும் முரசுமோட்டை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் மகனுக்கு நேற்று போன் எடுத்தேன். ஏசவில்லை. இலங்கையில் புகையிலை அடங்கிய மின்சிகரெட்டை இறக்கவும் விற்கவும் 2016-இலேயே தடை, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைச் சாமான் விற்கவே கூடாது என்று சொன்னேன். "சித்தி, அவனுக்குத் தொய்வு என்று தெரியும், ஆனா இது பாதிக்கும் என்று தெரியாது" என்றான். நீங்கள் எழுதியதை எல்லாம் அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

மூத்தவன் விட்டு ஐந்து கிழமை. முதல் பத்து நாள் எரிச்சல், நித்திரை இல்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். மண்ணிறப் பம்ப்பைக் காலையும் மாலையும் ஒழுங்காக எடுக்கிறான், எடுத்தபின் வாய் கொப்பளிக்கிறான். நீலப் பம்ப்பை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கலண்டரில் கோடு போடுகிறோம். போன கிழமை ஆறு கோடு, இந்தக் கிழமை இரண்டு. விடியப்புற இருமல் மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. விட்டவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு அது எத்தனை கிழமையில் நின்றது?