கரண்டி கரண்டியாகக் கொடுத்த இரவு

என் மகளுக்கு 14 மாதம் ஆகியிருந்தபோது வந்த வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதுகிறேன். மாலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரவு 8 மணிக்குள் ஐந்து முறை தண்ணீராகப் போனது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-குளுக்கோஸ் பொடியை முழுப் பாக்கெட்டாகக் கலந்தேன். அதுவரை சரிதான். தாகத்தில் அழுகிறாளே என்ற பதற்றத்தில் அரை டம்ளரை ஒரேயடியாகக் குடிக்கவிட்டேன். இரண்டே நிமிடத்தில் அத்தனையும் என் தோளில் வந்து விழுந்தது. கரைசல் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டேன்.

தொலைபேசியில் பேசிய குழந்தை மருத்துவர், பத்து நிமிடம் பொறுத்திருந்து, பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுக்கச் சொன்னார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை கொடுக்க வேண்டும் என்றார், 5 மி.லி. கரண்டியால் அது பத்து முதல் இருபது கரண்டி. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரத்தில் கரண்டியை மெல்லச் சாய்த்தால் துப்பாமல் விழுங்கினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். வாந்தி, மலம், சிறுநீர் ஆகியவற்றின் நேரத்தையும் குறித்தேன். இடையிடையே தாய்ப்பாலும் கொடுத்தேன், ஏனெனில் வயிற்றுப்போக்கின்போது அதை நிறுத்தவே கூடாது. கண்கள் குழிவிழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அழைத்து வரச் சொல்லியிருந்தார். அதனால் அவள் அழும்போதெல்லாம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு 2 மணிக்கு டயப்பர் சிறுநீரால் கனத்திருந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கரைசலை வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து என்று பலர் நம்பி, உடனே நிற்கவில்லையே என்று கைவிட்டுவிடுகிறார்கள். அது போக்கை நிறுத்துவதற்கானது அன்று. அதிலுள்ள குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து குடல் வழியாக நீரை உடலுக்குள் இழுப்பதால், இழந்தது ஈடாகிறது. ஒரு பாக்கெட் பொடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கண்ணளவில் கலப்பது ஆபத்து; உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல். மீந்த கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கவும் கூடாது.

காலையில் மருத்துவர் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் வாங்கிப் பார்த்தார். துத்தநாக மருந்தை நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் 14 நாள் கொடுக்கச் சொன்னார். நான்காம் நாளே மலம் கெட்டியாகிவிட்டது. மருந்தை மட்டும் 14 நாளும் கொடுத்து முடித்தேன்.