புற்றடக்கியா, பெருக்கத் தணிப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் நோய் விளக்கக் குறிப்பில், என்.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் 'புற்றடக்கி மரபணு' என்று போடலாம் என அக்கா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இந்த மரபணு பழுதானால் நரம்புகளில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே அல்ல. ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை (நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1) இருக்கிறது. தக்கலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயிடம் 'புற்று' என்று தொடங்கினால், மீதி எதுவும் அவர் காதில் ஏறாது.

செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். 17ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவிலிருந்து நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம் உருவாகிறது. ராஸ் என்று இன்னொரு புரதம். அது குவானோசின் முப்பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும் வரை செல்லை 'பெருகு, பெருகு' என்று ஏவிக்கொண்டே இருக்கும். முப்பாஸ்பேட் இருபாஸ்பேட்டாக உடைந்தால் ஓய்ந்துவிடும். தானாகவும் உடையும், ஆனால் மெதுவாக. அதை விரைவுபடுத்துவதுதான் நியூரோஃபைப்ரோமின். (முப்பாஸ்பேட்டின் சுருக்கம் GTP, இருபாஸ்பேட்டின் சுருக்கம் GDP; வரைவில் இரண்டுமே 'ஜி.டி.பி.' என்று இருந்தன. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் விரித்து எழுதிவிட்டேன்.)

ஆக, இது தணிக்கிற வேலை. தம்பி சொன்ன 'அணைப்பி' பொருளில் சரிதான். ஆனால் எங்கள் பக்கம் அணை என்றால் பேச்சிப்பாறை. அணைப்பு என்றால் சொல்லவே வேண்டாம். காய்ச்சல் தணியும், சூடு தணியும், கோபம் தணியும். இந்தச் சொல்லுக்கு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. முதலில் 'வளர்ச்சித் தணிப்பி' என்று எழுதி அடித்துவிட்டேன். இந்தக் குறை உள்ளவர்களில் பலர் சற்றுக் குள்ளமாக இருப்பார்கள். மரபணு வேலை செய்வதால்தான் குள்ளம் என்று தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. அதனால் 'பெருக்கத் தணிப்பி'.

அப்புறம் இந்தக் குறை உள்ளவர்களின் தோலில் காணும் அடையாளங்களுக்கு என்ன பெயர் என்பது. ஆறோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவர்கள் இந்தக் குறையைச் சந்தேகிப்பார்கள். 'தேமல்' வேண்டவே வேண்டாம். தேமல் வெளிறியிருக்கும், இது பழுப்பு. 'மச்சம்' என்றால் பலன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவத்தில் வழங்கும் 'கஃபே ஓ லே' என்ற பிரெஞ்சுப் பெயருக்குப் பால்காப்பி என்று பொருள். மார்த்தாண்டத்துக்காரனான எனக்குப் 'பால்சாயாத் திட்டு' என்று வைக்க ஆசைதான். கருப்பட்டிக் காப்பிக்குப் பால் விடாத வீடு எங்களுடையது. ஆனாலும் மற்ற ஊர்களை எண்ணிப் 'பால்காப்பித் திட்டு' என்றே போடலாம்.

'பரம்பரை நோய்' என்ற தலைப்பையும் மாற்ற வேண்டும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாக வருகிற மாற்றம் இது. 'மரபணு நோய்' என்றால் போதாதா?