பிளேலிஸ்ட்டைப் பார்த்துக் கட்சியைச் சொல்ல முடியுமா? உங்க அனுபவத்தைப் போடுங்க

பழையகேசட்:
நானே ஆரம்பிக்கிறேன். விடுதியில் என் அறைக்கு வந்தவருக்கும் எனக்கும் அரசியலில் ஏழாம் பொருத்தம். வரி, குடியேற்றம், மரண தண்டனை, எதை எடுத்தாலும் நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு. ஒரு ராத்திரி அவர் ஹெட்போனிலிருந்து கசிந்த கிடார் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் பாட்டு! பதினாறு வயதிலிருந்து நான் கேட்கிற பேண்ட். அதிலும் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத பாட்டு.

சந்தோஷம்தானே வரணும்? வந்தது கோபம். என் டைரியை எடுத்து யாரோ படித்த மாதிரி இருந்தது.

"அது உங்க ஆட்களைத் திட்டி எழுதின பாட்டு, தெரியும்ல?" என்றேன்.

"தெரியும். கருத்து தப்பு, வாசிப்பு சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போது பிரிட்டன் பிரதமராக இருந்த பழமைவாதக் கட்சிக்காரர் டேவிட் கேமரன், தனக்கு தி ஸ்மித்ஸ் என்கிற பிரிட்டிஷ் ராக் பேண்ட் பிடிக்கும் என்று சொல்லப்போய், அந்த பேண்டின் கிடார்க்காரர் ஜானி மார் 2010 டிசம்பரில் ட்விட்டரில் "உங்களுக்குப் பிடிக்கக் கூடாது, தடை போடுகிறேன்" என்கிற தொனியில் எழுதினார். பிரிட்டன் நாடாளுமன்றக் கேள்வி நேரம் வரைக்கும் அந்த விஷயம் போனது. அப்போது விழுந்து விழுந்து சிரித்தவன் நான். அறையில் அதே தடையைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது செல்லாது என்று.

மிக்ஸர்போர்டு:
நான் மேடைக்கு சவுண்ட் போடற ஆளு. எல்லாக் கட்சிக்கும் போட்டிருக்கேன், தொழில் அப்படி. ஒரு பிரசாரக் கூட்டத்துல, தலைவர் மேடை ஏறும்போது ஒரு பாட்டு வேணும்னு பென் டிரைவைக் குடுத்தாங்க. கேட்டுப் பாத்தேன். பல்லவி மட்டும்தான் ஊரு, பெருமை, கொடி. சரணம் பூரா வேலை போனவனோட புலம்பல். அதுவும் இவங்க ஆட்சியிலயே போன வேலை!

மனசு கேக்காம பொறுப்பாளர்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு கொஞ்சம் யோசிச்சாரு. "அப்ப சரணத்தை வெட்டிட்டு பல்லவியையே சுத்திச் சுத்தி விடுங்க" அப்படின்னாரு. விட்டேன். நாலு நிமிஷம் பல்லவி மட்டும். கூட்டம் கூடவே பாடுச்சு. நிறைய பேருக்கு சரணமும் மனப்பாடம்தான், பல்லவி திரும்பத் திரும்ப வந்ததுல முன்வரிசையில ரெண்டு பேர் குழம்பி, சரணத்தைப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. நான் வால்யூமை ஏத்திட்டேன்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' பாட்டுக்கும் இதே கதிதான். வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தவன் வேலை கிடைக்காம அலையற பாட்டு அது. 1984 தேர்தல் சமயம் அமெரிக்க அதிபர் ரீகன் நியூ ஜெர்சியில பேசும்போது, ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுல நம்பிக்கைச் செய்தி இருக்குன்னு புகழ்ந்தாரு. சில நாள் கழிச்சு ஸ்பிரிங்ஸ்டீன் மேடையில, "எந்த ஆல்பத்தைக் கேட்டிருப்பாரோ"ன்னு கிண்டலடிச்சுட்டு, வேலை போனவன் கொலைகாரனா ஆன பாட்டு ஒண்ணை எடுத்துப் பாடினாரு. எங்க பாட்டை எழுதினவருக்கு அந்த மாதிரி மேடை எதுவும் கிடைக்கலை.

நாலாவதுகம்பி:
கேக்கறவங்களை விடுங்க, சேர்ந்து வாசிக்கறவங்க கதை தெரியுமா? நான் பேண்ட்ல பேஸ் கிடார். எங்க டிரம்மர் எதிர்முகாம். ஆம்ப் ஆன் ஆனா அரசியல் ஆஃப், அதுதான் ரூல். தேர்தல் முடிவு வந்த அன்னிக்கு நான் ஃபோனையே பாக்கலை. அவர் லேட்டா வந்தார், ஒண்ணும் பேசலை, ஸ்டிக்கை எடுத்தார். முதல் பாட்டே வழக்கத்தைவிடப் பறந்துது. ரெண்டாவது அதைவிட வேகம். யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்கு வாசிச்ச மாதிரி நாங்க அதுக்கப்புறம் வாசிச்சதே இல்லைங்கறதுதான் கொடுமை.

ராமோன்ஸ்னு ஒரு அமெரிக்க பங்க் ராக் பேண்ட். அதுல பாடகர் ஜோயி இடதுபக்கம், கிடார் வாசிச்ச ஜானி பக்கா ரீகன் ஆளு. நாஜி எஸ்எஸ் படைக்காரங்களும் புதைக்கப்பட்ட ஜெர்மனியோட பிட்பர்க் ராணுவக் கல்லறைக்கு ரீகன் போனதைக் கண்டிச்சு 1985ல பாட்டு போட்டாங்க. ஆல்பத்துல வரும்போது, ஜானி ஒத்துக்காததால தலைப்பு மாறிடுச்சு. 2002ல ராக் இசைக்காரங்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் மேடையில ஜானி அதிபர் புஷ்ஷை வாழ்த்திட்டு இறங்கினார். பேண்ட் ஓடினது 22 வருஷம்.

எல்லாம்கேட்பேன்:
என் பேரைப் பாத்தீங்கள்ல? அதை வச்சு நான் பட்ட அவமானம் இது. அலுவலக நண்பர் காரில் போய்க்கொண்டிருந்தோம். அவர் பழமைவாதி, நான் அப்படி இல்லை. "என்ன போடட்டும்?" "எதுவானாலும் சரி, எல்லாம் கேட்பேன்." கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு, போட்டார். முதல் சரணம்கூட முடியவில்லை, என் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாமா?" என்றார்.

1996இல் பெத்தனி பிரைசன் என்ற சமூகவியலாளர், அமெரிக்கக் கருத்துக்கணிப்புத் தரவை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. படிப்பு ஏற ஏற ஆட்கள் ஒதுக்குகிற இசை வகைகள் குறைகின்றனவாம். சரி, பெருமைதான். ஆனால் பெரிய மனசு உள்ளவர்களும் எதை ஒதுக்குகிறார்கள்? படிப்புக் குறைந்தவர்கள் அதிகம் கேட்கிற காஸ்பெல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு), கன்ட்ரி, ராப், ஹெவி மெட்டல். படித்ததும் கார்தான் ஞாபகம் வந்தது. நான் கட்சியை ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒதுக்கியது வேறு எதையோ.

பழையகேசட்:
மிக்ஸர்போர்டு எழுதினதை அந்த அறை நண்பருக்கு அனுப்பி, "நீங்களும் பல்லவி கோஷ்டியா?" என்று கேட்டேன். பேசி ரெண்டு வருஷம் இருக்கும். பதிலாக, அன்று ஹெட்போனில் கசிந்த அதே பாட்டின் கச்சேரிப் பதிவு ஒன்று வந்தது. பாடகர் நடுவில் நிறுத்தி, என் நண்பருடைய கட்சியைப் பெயர் சொல்லியே திட்டுகிறார். கீழே ஒரே வரி: "இதுல டிரம்ஸ் இன்னும் நல்லா இருக்கு."