வான்தீவு: கடலே சூடாகும்போது சிமென்ட் பலகையில் பவளம் நட்டு என்ன பயன்?

உப்பளத்து வாத்தியார் கேட்கிறார்:

வணக்கம். தூத்துக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றிய பாடத்தில், உடைந்த பவளக் கிளைகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் வளர்க்கும் முறையையும், எங்கள் ஊருக்கு அருகே கடலில் உள்ள வான்தீவைச் சுற்றிப் போடப்பட்ட செயற்கைப் பாறைகளையும் விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "வெந்நீரில் நாற்று நட்டால் பிழைக்குமா ஐயா?" என்று கேட்டாள். பவளம் வெளிறுவதற்குக் கடல்நீரின் வெப்பமே காரணம் என்று அதற்கு முந்தைய வகுப்பில் சொன்னவனும் நான்தான் என்பதால், என்னிடம் உடனடியாக விடை இல்லை.

கடலின் வெப்பத்தை ஒரு மாவட்டமோ மாநிலமோ குறைத்துவிட முடியாது. அப்படியிருக்க, உள்ளூரில் செய்யப்படும் இந்தப் பாதுகாப்புப் பணிகளுக்கு உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது ஏதோ செய்கிறோம் என்ற மன ஆறுதல் மட்டும்தானா? கடலோடு பழக்கமுள்ளவர்கள் சொன்னால் அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு நேர்மையாகப் பதில் சொல்வேன்.

---

ஆழம் எழுதுகிறார்:

பவளக் கணக்கெடுப்புகளில் சில ஆண்டுகள் முக்குளித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாணவியின் கேள்வி சரியானது. ஆனால் அதற்குள் ஒரு சிறு பிழை ஒளிந்திருக்கிறது: வெளிறிய பவளம் செத்த பவளம் அன்று.

பவள உயிரியின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளே வெயிலைப் பிடித்து அதற்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியைத் தயாரித்துக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அவை தந்ததுதான். நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால், பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது கண்ணாடிபோல் ஆகிவிட்ட திசுவின் வழியே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. உயிர் இருக்கிறது, சோறு இல்லை. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பிவரும். குளிராவிட்டால் பட்டினியில் சாகும்.

நம் பகுதியில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெளிறல்கள் கடுமையானவை. 2016இல் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. மான்கொம்புபோல் கிளைவிடும் வேகமான வகைகளே அதிகம் மடிந்தன. பாறாங்கல்போல் உருண்டு, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மெதுவாக வளரும் வகைகள் பெரிதும் தாக்குப்பிடித்தன.

உள்ளூர்ப் பணியின் பலன் தெரிவது அதற்குப் பிறகுதான். செத்த பவளத்தின் மேல் முதலில் குடியேறுவது பாசி. அந்தப் பாசியை மேய்வதற்குக் கிளிமீனும் ஓராவும் போதுமான அளவில் இருந்தால், பாறையின் முகம் சுத்தமாகி, நீரில் மிதந்துவரும் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். அந்த மீன்கள் இல்லாமல், கழிவுநீரின் ஊட்டமும் சேர்ந்து பாசி மெத்தைபோல் மண்டிவிட்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கடல் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் அங்கே பவளம் திரும்பாது. அடியைக் கொடுப்பது வெப்பம். எழுந்து நிற்க விடுவதும் விடாததும் கரையில் இருக்கும் நாம்.

நாற்று நடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடிய கிளையைச் சிமென்ட் பலகையில் இறுகக் கட்டி, பலகைகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கிக் கடலடியில் இறக்குவார்கள். முதல் சில மாதங்கள் நாங்கள் செய்த வேலை என்ன தெரியுமா? பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பலகையைத் தேய்த்துப் பாசி எடுப்பது. சில வாரங்களில் கிளையின் அடிப்பகுதி மெழுகு உருகினாற்போல் பரவிச் சிமென்ட்டைப் பற்றிக்கொள்வதைப் பார்க்கும்போது, விரல்கள் விறைத்துப்போனது மறந்துபோகும். ஆனால் இந்த முறையில் மீட்க முடிவது சில ஆயிரம் சதுர மீட்டர்; இழந்ததோ சதுர கிலோமீட்டர் கணக்கு. நடுகையை மட்டும் காட்டிப் பாறையைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

---

சுண்ணாம்புச் சுவர் எழுதுகிறார்:

வான்தீவின் சிமென்ட் பாறைகளையும் பவள நடுகையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டின் நோக்கமும் வேறு.

இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள எங்கள் பாட்டனார் வீட்டின் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் கைவைத்தால், கல்லில் பூப்போல, நட்சத்திரம்போலச் சிறு சிறு குழிகள் தட்டுப்படும். சிறுவயதில் அதைக் கொத்தனாரின் வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிரி குடியிருந்த அறை என்பது கல்லூரிக்குப் போன பிறகே தெரிந்தது. வல்லம் (நாட்டுப்படகு) வல்லமாகப் பவளக்கல் வந்து இறங்கிய காலம் அது. வீட்டுக்குக் கல், காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு, தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் என்று பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்த பின்னும் அது நிற்கவில்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கும் அட்டவணையில், சேர்க்கப்பட்டன. சுனாமிக்குப் பிறகு வெட்டு ஏறக்குறைய முழுதாக ஓய்ந்தது.

பாறை போனதும் அலை நேராக வந்து மணல் தீவை அடித்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய தீவுகள் நீருக்குள் போயின. 21 என்று ஏட்டில் இருப்பதில் இன்று கண்ணுக்குத் தெரிவது 19 தான். 1986இல் 16 ஹெக்டேர் இருந்த வான்தீவு 2014 வாக்கில் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. அதைத் தடுக்கத்தான் 2015 இறுதியிலிருந்து துளையிட்ட சரிவகக் கான்கிரீட் அமைப்புகளைத் தீவின் கடல்முகத்தில் பிறைபோல் அடுக்கினார்கள். அலையின் வேகத்தை உடைத்து மணலைத் தங்கவைப்பது அவற்றின் முதல் வேலை. பவளமும் மீனும் அதில் வந்து சேர்வது கூடுதல் வரவு. இப்போது காரியாச்சல்லித் தீவுக்கும் அதே திட்டம் வந்திருக்கிறது. இதை வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை என்பது, கூரை ஒழுகுகிற வீட்டில் சுவருக்கு முட்டுக் கொடுத்தவனைப் பார்த்து மழையை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பதுபோல் ஆகும்.

வெட்டியவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள், வாங்கிக் கட்டியவர்கள் நாங்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

---

வல்லத்துக்காரர் மகன் எழுதுகிறார்:

ஆழம் அக்கா சொன்ன கிளிமீன் விஷயத்தில் எங்கள் பக்கத்துத் தவற்றை நானே சொல்லிவிடுகிறேன். பாரில் (பவளப்பாறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மீன் பிடிக்கக் கூடு வைப்பவர்கள் அது நகராமல் இருக்கப் பக்கத்தில் கிடக்கும் பவளத்தையே பெயர்த்து மேலே பாரமாக வைப்பதுண்டு. பாரில் சிக்கிய வலையை இழுத்துப் பார்த்துவிட்டு, வராவிட்டால் அறுத்துவிட்டு வருவோம். அந்த வலை அங்கேயே கிடந்து, ஒவ்வொரு நீரோட்டத்துக்கும் ஆடி ஆடிப் பவளத்தை உரசிக்கொண்டிருக்கும். அதில் மாட்டுகிற மீனும் யாருக்கும் ஆகாது. அறுத்த வலையைத் திரும்ப எடுத்து வருபவர்களுக்கு ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தாலே பாதி வலை கரைக்கு வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆனால் பழியெல்லாம் நாட்டுப்படகின் மேல் மட்டும் விழக் கூடாது. விசைப்படகுகளின் இழுவைமடி வலை கடலடியைக் கிளறிவிட்டுப் போனால் கலங்கல் படிந்து பார் மூச்சுத் திணறுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த அந்த ஓய்வு தற்செயலாகப் பவளம் வெளிறும் மாதங்களிலும் வாய்த்திருக்கிறது. அந்த இரண்டு மாதமாவது பாருக்குக் கலங்கல் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வருமானத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் பாசி 2008 வாக்கில் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பது தெரியவந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு குளிர்பானத்தின் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டும். விரல் அளவுத் துண்டு நழுவினாலும் வேறோர் இடத்தில் போய்த் தழைத்துவிடும் என்பதால், பிய்ப்பவருக்குப் பின்னால் சாக்கோடு இன்னொருவர் நீந்த வேண்டியிருக்கும். இப்போது வளமாவூரில் கடற்பாசி வளர்ப்புக்கான பூங்கா வருகிற நேரத்தில் எந்தப் பாசியை எந்தக் கடலில் வளர்ப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. அந்த வேலையை நம்பி எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் என்னால் முடியவில்லை.

2019 செப்டம்பரில் பூங்கோரை (கடல்நீரில் நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகுவது) வந்து மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெப்பம் ஒன்றுதான் எதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள், வாத்தியாரய்யா.

---

உப்பளத்து வாத்தியார்:

மூவருக்கும் நன்றி. பவள நடுகையையும் தீவைக் காக்கும் கான்கிரீட் பாறையையும் நான் குழப்பியிருந்தது உண்மை, திருத்திக்கொள்கிறேன். தீவுகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால், முதலில் பழைய வீடுகளின் சுவர்களைத் தேடிப் பார்க்கச் சொல்லப்போகிறேன். ஆழம் அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: நடுவதற்குக் கிளை எடுக்கும்போது, எந்தப் பவளத்திலிருந்து எடுப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

---

ஆழம்:

முன்பெல்லாம், உடைந்து கீழே கிடக்கும் கிளைகளைத்தான் பொறுக்குவோம். நிற்கும் பவளத்தை உடைப்பதைக் கூடியவரை தவிர்ப்போம். 2016க்குப் பிறகு என் கணக்கு மாறிவிட்டது. பக்கத்தில் இருந்ததெல்லாம் வெளிறிச் செத்தபோது நிறம் மாறாமல் நின்ற பவளம் எது என்று குறித்துவைத்து, அதன் அடியில் உதிர்ந்த கிளையைத் தேடுவேன். வெந்நீரில் எந்த நாற்றும் பிழைக்காது என்பது உண்மையானால், அந்தப் பவளம் அங்கே நின்றிருக்கக் கூடாது. உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். அத்தகையவை எண்ணிக்கையில் குறைவு என்பதையும், இன்னும் இரண்டு டிகிரி கூடினால் அவையும் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.