சென்னை மே மாத வெயிலில் பிள்ளைகளை எங்கே, எத்தனை மணிக்கு வெளியே கூட்டிப்போகலாம்?

வேளச்சேரிக்காரி:
பள்ளி விடுமுறை விட்டாயிற்று. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. மாலும் விளையாட்டுக் கூடமும் வேண்டாம். பறவை, மரம், கடல், பூச்சி எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் பழகட்டும் என்று ஆசை. மாமியாரும் வருவார். முட்டிவலி, ஒரேயடியாக அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. போய்வருகிற நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடிகிற மாதிரி எது சரிவரும்? கத்திரி வெயிலில் போகலாமா, ஜூன் வரை பொறுக்கணுமா?

மரங்கொத்தி:
தாராளமாகப் போகலாம். ஆனால் முதலில் நேரத்தை முடிவு செய்துவிட்டு, அப்புறம் இடத்தைத் தேடுங்கள். மே மாதம் இங்கே 5.45 வாக்கில் விடிந்துவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது முதல் இரண்டு மணி நேரம்தான். எட்டு மணிக்கு மேல் அவை நிழலில் ஒடுங்கிவிடும், பிள்ளைகளும் துவண்டுபோவார்கள். கிண்டி சிறுவர் பூங்காவும் வண்டலூரும் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டுமே நல்ல இடங்கள், ஆனால் டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்புநிலம். கோடையில் அங்கே ஒன்றும் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற மீனெல்லாம் மிச்சமிருக்கும் குட்டைகளில் ஒதுங்கும், அதைத் தேடிப் பறவைகளும் அங்கேயே குவியும். கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான் மூன்றையும் ஐந்து வயதுப் பிள்ளையால்கூட அடையாளம் காண முடியும். நீளவால் இலைக்கோழி கண்ணில் பட்டால் அதன் கால்விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவலாக இறங்குவதால்தான் மிதக்கும் இலைமேல் முங்காமல் நடக்கிறது. அதன் முட்டைகளை அடைகாப்பது ஆண் பறவை, இதைக் கேட்டால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் உள்ள சூழல் பூங்காவில் நடைபாதை உண்டு. திறக்கும் நேரத்தை முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்கு ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துப்போனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதிப் பறவைகளைப் பார்த்துவிடுவார்.

பைனாகுலர் வாங்குவதானால் பையனுக்கு 6x30 அல்லது 8x30 (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்). 10x50 கனமானது, சின்னக் கை நடுங்குவதில் படம் நிலைக்காது, "ஒன்றுமே தெரியலை" என்று கீழே வைத்துவிடுவான்.

மரம் பார்க்க எங்கேயும் போக வேண்டாம், தெருவில் கொன்றை பூத்திருக்கும். காலை ஏழு மணி வாக்கில் அதன்கீழ் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பெரிய கருவண்டு பூவைப் பிடித்துத் தொங்கியதும் அதன் ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்குப் போகும். மகரந்தப்பையை அதிரவைத்துப் பொடியை உதிர்க்கிறது. பறக்கும் சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெண்ணே காதால் பிடித்துவிடுவாள்.

நெய்தல்:
கடற்கரைக்கு எல்லோரும் மாலையில்தான் போகிறார்கள், உயிரினம் பார்க்க அது சரியான நேரமில்லை. கூட்டத்தின் மிதியில் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வராது. காலை ஆறிலிருந்து ஏழரை வரை பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ பாருங்கள்.

நண்டு வளைகள் உலர்ந்த மணலில், அலை தொடாத மேட்டில் இருக்கும். வளையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, கரைப்பக்கம் உட்காருங்கள். கடல்பக்கம் உட்கார்ந்தால் காலைச் சூரியனில் உங்கள் நிழல் வளைமேல் விழும், நண்டு எட்டியே பார்க்காது. அசையாமல் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் காம்புபோல் நீட்டிய இரண்டு கண்கள் முதலில் மேலே வரும்.

அடுத்தது மட்டி. அலை பின்வாங்கிய ஈரமணலில் விரலால் இரண்டு அங்குலம் கிளறினால் முக்கோண வடிவில் சிறு மட்டிகள் கிடைக்கும். கண்ணாடி டம்ளரில் பாதி ஈரமணல், மேலே கடல்நீர், அதில் இரண்டு மட்டியை விடுங்கள். தசைக்காலை நீட்டித் தன்னைத்தானே மணலுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு மெல்லிய குழாய்கள் மேலே எட்டும், ஒன்று தண்ணீரை உள்ளிழுக்க, மற்றது வெளியே விட. ஐந்து நிமிடத்தில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். டம்ளர் நீர் சீக்கிரம் சூடேறி அவை செத்துவிடும்.

கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். இந்தக் கரையில் இரண்டு மூன்று அடி போனாலே சரிவு, உள்ளிழுப்பும் அதிகம். நீலமாகவோ வழவழப்பாகவோ சொறிமீன் (ஜெல்லிமீன்) ஒதுங்கிக் கிடந்தால் செத்ததென்று நினைத்துத் தொடக்கூடாது, காய்ந்த பிறகும் கொட்டும்.

மாலையில்தான் முடியும் என்றால் கடல்காற்று நுழைந்த பிறகு கிளம்புங்கள். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அது மதியம் இரண்டு மூன்று மணி வரைகூடத் தள்ளிப்போகும். 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளில்தான்.

வேளச்சேரிக்காரி:
இருவருக்கும் நன்றி. ஞாயிறு பள்ளிக்கரணை, அடுத்து மட்டி. வெளியே போக முடியாத நாளுக்கு வீட்டிலேயே ஏதாவது உண்டா? மொட்டைமாடி இருக்கிறது.

நிழற்கடிகாரம்:
மொட்டைமாடி போதும்.

பகலில் நிழல் அளப்பது. ஏப்ரல் 24 அன்று மதியம் 12.07 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சியில் இருந்தது, நட்ட குச்சிக்கு நிழலே இல்லை. அதைத் தாண்டியதிலிருந்து ஆகஸ்ட் 18 வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். மே நடுவில் ஒரு மீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நிழல். குழாய் சாய்ந்திருந்தால் கணக்கே தப்பும்: நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு நேர் பார்த்து நடுங்கள். 11.50-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாக்பீஸால் நிழலின் நுனியைக் குறித்துவந்தால், மிகக் குட்டையான நிழல் சரியான வடக்கு–தெற்கைக் காட்டும்.

இரவில் அந்துப்பூச்சி. வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, ஓர் அடி முன்னால் விளக்கு. மஞ்சள் எல்இடி உதவாது. அந்துகளை ஈர்ப்பது நீலமும் புற ஊதாவும், அதனால் பழைய டியூப்லைட் அல்லது சிஎஃப்எல் போடுங்கள். மாலைக் காற்றில் வேட்டி படபடத்தால் ஒன்றும் உட்காராது. தண்ணீர்த் தொட்டிக்குக் காற்று மறைவான பக்கம் கட்டி, அடிவிளிம்பில் செங்கல் வையுங்கள். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை போதும், அமாவாசையை ஒட்டிய நாட்களில் அதிகம் வரும். முடிந்ததும் விளக்கை அணைத்து வேட்டியை மெல்ல உதறிவிடுங்கள். அப்படியே விட்டால் விடிந்ததும் காக்கையும் மைனாவும் மொத்தத்தையும் தின்றுவிடும்.

சுக்குக்காப்பி:
மேலே சொன்ன நிழல் சோதனையில் ஒரு திருத்தம். மே மாத மதியத்தில் பிள்ளைகள் மாடியிலேயே நிற்கக்கூடாது. செருப்போடு போய் ஒரு நிமிடம் குறித்துவிட்டு மாடிப்படி நிழலுக்குத் திரும்பட்டும்.

வெளியே போகும்போது தாகம் எடுக்கட்டும் என்று காத்திராதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பையனுக்கு அரை டம்ளர், பெண்ணுக்கு அதில் பாதிக்கு மேல். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது; புட்டிக் குளிர்பானம் வேண்டாம். வாந்தி, சோர்வு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலம். அது கையில் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை தட்டை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டவே கூடாது.

முகம் சிவந்து, தலைவலி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வீடு திரும்புங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வேர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். மாமியார் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவருடைய டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.