வில்லி சீவீட் முகமூடிகளில் எனாமல் பெயிண்ட்: கூட்டியதா, கெடுத்ததா?

காவிமண்:
கனடாவின் மேற்குக் கரையில் பிளண்டன் ஹார்பரில் இருந்த, குவாக்குவாக்காவாக்கு என்ற பழங்குடியைச் சேர்ந்த சிற்பி வில்லி சீவீட் (1873–1967). அவர்களுடைய ஹமட்சா என்ற சடங்கு ஆட்டத்துக்கு அவர் செதுக்கிய கோணல் அலகுப் பறவை முகமூடிகளுக்கு இணை கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றின் மேல் கடையில் வாங்கிய எனாமல் பெயிண்டைப் பூசியது பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

பழைய முறை என்ன? சால்மன் மீன் சினையை சிடார் பட்டையோடு சேர்த்து வாயில் மென்று, அந்தச் சாற்றில் கரித்தூளையும் காவியையும் குழைப்பார்கள். சினையின் புரதம்தான் பசை. பூச்சு மெல்லியதாக, மங்கலாக நிற்கும். வாய்ச்சி விட்டுப்போன வரிவரியான தடம் அதன் அடியில் தெரியும். எனாமல் அப்படியல்ல, தோல் போலப் படியும். முகமூடி செதுக்கும் ரெட் சிடார் மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் சுமார் 5 சதவீதமும், நடுவிலிருந்து வெளியே செல்லும் ஆரத்தின் போக்கில் 2.4 சதவீதமும் சுருங்கும். காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்துக்கேற்ப கொஞ்சம் அசைந்துகொண்டே இருக்கும். வயதாகி விறைத்த எனாமலால் அந்த அசைவோடு போக முடியாது. வெடித்துப் பொருக்காகக் கிளம்பும்.

தேன்மொழி:
மணிக்கணக்கில் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி முன் நின்று பார்க்கிறவருக்கு வாய்ச்சித் தடம் முக்கியம்தான். ஆனால் இது பெட்டிக்காகச் செய்ததா? பெரிய வீட்டின் நடுவில் தீ எரிகிறது. ஆடுகிறவர் குந்தியபடி திரும்பித் திரும்பி வருகிறார், சிடார் பட்டைக் குஞ்சம் உடம்பை மறைக்கிறது, இருட்டிலிருந்து அலகு மட்டும் மேலெழுகிறது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தரைமேல் கறுப்பும் சிவப்பும் பளிச்சென்று தெறிக்க வேண்டும். மங்கல் பூச்சு அங்கே ஒளியைக் குடித்துவிடும்.

சீவீடின் கண் வேலையைக் கிட்டே பாருங்கள். கருவிழி வட்டத்தின் நடுவில் காம்பஸ் முள் குத்திய புள்ளி இருக்கும். அவ்வளவு துல்லியமாகப் போட்ட கோட்டை நீர்த்த சாயத்தில் நிறுத்திப் பாருங்கள்: ரெட் சிடாரின் மென்மையான நார் வழியே சாயம் ஊறி, ஓரம் பூனைமயிர் போலச் சிலிர்த்துவிடும். அந்த ஓரத்தைக் காப்பாற்றியது எனாமல்தான்.

"பழைய முறை" என்பதும் அவ்வளவு தூய்மையானதல்ல. பல பழைய முகமூடிகளில் உள்ள சிவப்பு, வணிகக் கப்பல்களில் வந்த சீனச் சாதிலிங்கம். அந்தக் கரையோரம் முழுக்கத் துணிக்குப் போடும் சலவை நீலத்தைச் சிற்பிகள் நிறமாக எடுத்துக்கொண்டார்கள். பழையது, புதியது என்ற எல்லைக்கோட்டை எந்த ஆண்டில் போடுவீர்கள்?

காவிமண்:
சாதிலிங்கம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நிறமி எங்கிருந்து வந்தது என்பது என் வாதமே இல்லை. சிக்கல் பசையிலும் கனத்திலும்தான். ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு விருந்துக்கும் மேலே ஒரு பூச்சு ஏற்றினால், மூக்குத்துளை விளிம்பும் புருவ வெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோகும். கத்தி போட்ட கூர்முனை உருண்டுவிடும். இன்னொன்று, ரெட் சிடாரில் தண்ணீரில் கரையும் துவர்ப்புச் சத்து உண்டு. நேரடியாக வெள்ளை அடித்தால் சில மாதத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பு மேலேறும். அரக்கு பாலிஷால் அடைத்துவிட்டுத்தான் வெள்ளையைத் தொட வேண்டும்.

கீல்வேலை:
நடுவில் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் தாடையை மறந்துவிட்டீர்கள். இந்தப் பறவைகளின் உயிரே அலகு அடித்துக்கொள்ளும் சத்தம். கீழ்த்தாடை தனித்துண்டு, பின்னால் கீல், உள்ளே கயிறு, ஆடுகிறவர் இழுத்து விடுகிறார். அலகு மோதும் பரப்பில் எனாமல் பூசினால் இரண்டு கேடு. முழுக்கக் காயாத பூச்சு அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தகடாகப் பிய்ந்து வரும். காய்ந்த பிறகோ, ஒவ்வொரு அடிக்கும் விளிம்பில் சில்லு தெறிக்கும். மோதுகிற பரப்பை வெறும் மரமாக விடுவதுதான் சரி.

எடையையும் கவனியுங்கள். ரெட் சிடார் கன மீட்டருக்கு சுமார் 370 கிலோ, முகமூடிக்கு எடுக்கும் இன்னொரு மரமான ஆல்டர் சுமார் 450. முகத்தோடு ஒட்டும் சின்ன முகமூடிக்கு ஆல்டர் அருமை: நார் நெருக்கம், சிராய் எழாது. ஒரு மீட்டர் நீளும் அலகுக்கு ரெட் சிடாரை விட்டால் கழுத்து தாங்காது. அதிலும் மரத்தின் நடுக்குருத்தைத் தவிர்த்துப் பிளந்த துண்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கின் மேலேயே வெடிப்பு ஓடும்.

தேன்மொழி:
தாடை விஷயத்தில் மறுப்பே இல்லை.

மறுபூச்சைச் சேதம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆடும் உரிமை ஒரு குடும்பத்துக்குப் பரம்பரையாகவோ திருமணத்தின் வழியாகவோ வருகிறது. முகமூடி அந்த உரிமையின் உடம்பு. உடம்பு தேய்ந்தால் புதுப்பிப்பார்கள். 1885 முதல் 1951 வரை கனடா அரசு, இந்த ஆட்டங்கள் நடக்கும், பரிசுகள் வழங்கும் பொட்லாட்ச் விருந்தையே சட்டம் போட்டுத் தடுத்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் நடந்த விருந்துக்காக ஆட்களைச் சிறைக்கு அனுப்பி, முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் பறித்தது. அவற்றில் ஒரு பகுதியை மீட்டு வைக்கத்தான் 1980-இல் அலர்ட் பேயில் உமிஸ்டா பண்பாட்டு மையம் திறந்தார்கள். சீவீட் அந்தத் தடைக்காலத்திலும் செதுக்கியவர். கிடைத்த பெயிண்டால் அந்த வேலையை அவர் ஓங்கச் செய்தார், அதை இழப்பு என்று எப்படிச் சொல்வேன்?

அதே மக்களின் இன்னொரு ஆட்டமான அட்லாக்கிமின் முகமூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும் சுற்றுகள் முடிந்ததும் தீயில் இட்டுவிட்டு மறுபடி செதுக்குவது அவர்கள் வழக்கம். குவாக்குவாக்காவாக்கு சிற்பி பியூ டிக் 2012-இல் அப்படியே செய்தார். அங்கே பூச்சின் ஆயுள் கேள்வியே எழாது.

காவிமண்:
குடும்பம் புதுப்பிக்கட்டும், அது அவர்கள் உரிமை. என் சண்டை அடிக்கும் முறையோடு. பொருக்கின் மேலேயே அடுத்த கோட் ஏற்றாதீர்கள். தூக்கிய இடத்தை மட்டும் மென்மையாகச் சுரண்டி, வெட்டு விளிம்புகளை மரம் வரை திறந்துவிட்டு, நீர்த்த பூச்சாக இரண்டு முறை கொடுங்கள். முதல் கோட் நன்றாக விறைத்த பிறகே இரண்டாவது. பழைய முகமூடியில் அசிட்டோனைத் தொடவே கூடாது, எனாமலோடு அடியில் இருக்கும் சினைப் பூச்சையும் கலைத்துவிடக்கூடும். அருங்காட்சியகத்தில் இருப்பதானால் நிலைமையே வேறு, அங்கே ஒரு சொட்டுப் பெயிண்டும் சேர்க்கக் கூடாது. ஆல்டர் முகமூடியின் மேல் கனத்த பளபளப்பு வேண்டாம் என்பதிலும் மாற மாட்டேன். அந்த மரத்துக்குச் சாயம் ஊறும் தொல்லை குறைவு, அதை ஏன் மூடவேண்டும்?

தேன்மொழி:
ஆல்டருக்குச் சம்மதம். ரெட் சிடார் அலகுக்கு முடியாது.

கீல்வேலை:
அப்படியென்றால் கையளவு ரெட் சிடார் பலகை ஒன்றை எடுத்து, வாய்ச்சித் தடத்தோடு பாதிக்குச் சினைக்குப் பதில் முட்டை மஞ்சளில் குழைத்த கரி, பாதிக்கு அரக்கு அடைத்த எனாமல் அடித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு விறகுத் தீயின் முன் பிடித்துப் பாருங்கள். பலகையைப் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், நேராக வைத்தால் வித்தியாசம் பிடிபடாது.